பன்னிரண்டு சொட்டுக்கு மேல்

நிறம் மாற வேண்டியது பன்னிரண்டாவது சொட்டில். அவள் பதின்மூன்று போட்டாள், பதினான்கு போட்டாள், கண்ணாடிக் குழாயில் இருந்த தண்ணீர் இன்னும் நீலமாகவே இருந்தது. பதினைந்தாவது சொட்டு விழுந்து, மூடியைப் போட்டு இரண்டு முறை கவிழ்த்துக் குலுக்கிய பிறகுதான் அது மனசில்லாத மனசோடு மஞ்சளாக மாறியது.

எண்ணுவதில் தவறியிருப்போம் என்று நினைத்தாள். மகள் பள்ளியிலிருந்து வரும் நேரம் அது, பாதிக் கவனம் வாசலில் இருந்தது. குழாயைக் கழுவி, மீன்தொட்டியிலிருந்து மறுபடியும் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, இந்த முறை வாய்விட்டு எண்ணினாள். பதினைந்து. நோட்டில் தேதிக்கு எதிரே அந்த எண்ணை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டாள்.

நோட்டு அவள் கணவருடையது. கப்பலில் எஞ்சின் அறை வேலை அவருக்கு, போனால் ஏழெட்டு மாதம் ஆகும் திரும்பி வர. போகும்போது மனைவிக்கும் மகளுக்கும் சொன்ன புத்திமதியைவிட இந்த மீன்தொட்டிக்கு எழுதிவைத்த புத்திமதி அதிகம். ஆப்பிரிக்க ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள் அவை. அந்த ஏரிகளின் அடி முழுக்கப் பாறை, தண்ணீரில் சுண்ணாம்பும் காரமும் தாராளமாகக் கரைந்திருக்கும். வீட்டுக் குழாயில் வருவதோ மெத்தென்ற தண்ணீர், மூன்றே சொட்டில் மஞ்சளாகிவிடும். அதை இந்த மீன்களுக்கு ஏற்றபடி கடினமாக்க, வாரம் ஒருமுறை பழைய தண்ணீரில் கால்வாசியை மாற்றிய பிறகு, சமையல் சோடாவும் எப்சம் உப்பும் கலந்த பொடியை ஒரு கரண்டி போட வேண்டும். தண்ணீர் எவ்வளவு கடினமோ, நிறம் மாற அவ்வளவு சொட்டுச் சோதனை மருந்து பிடிக்கும்; அந்த எண்ணிக்கை பன்னிரண்டில் நிற்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில், இரண்டு கோடு போட்டு, அவர் எழுதியிருந்தார்: கடினம் தானாக இறங்கும், தானாக ஏறாது.

பொடி தீர்ந்து ஒன்பது நாளாகியிருந்தது. கடைக்காரர் அடுத்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தார். இந்நேரம் எட்டுக்கோ ஒன்பதுக்கோ இறங்கியிருக்க வேண்டிய எண், போன வாரத்தைவிட மூன்று ஏறி உட்கார்ந்திருந்தது.

ஆறடி நீளத் தொட்டி, முன்னறையின் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் அவளுடைய தையல் மெஷின். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் ஜன்னல் திரைகளை எப்போதும் இழுத்தே வைத்திருக்க வேண்டும், அதனால் பட்டப்பகலிலும் அந்த அறையில் தொட்டி விளக்கின் நீல வெளிச்சம்தான், வாடிக்கையாளர் கொடுத்த துணியின் நிறம் என்னவென்று பார்க்கக்கூட அவள் வாசலுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. பம்ப்பின் ரீங்காரம் ஓயாது. தொட்டி நீர் ஒரு குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் சலசலவென்று விழுந்து, பஞ்சிலும் பவழக் கல்லிலும் வடிந்து, மறுபடி மேலே ஏறும். மீன்கள் வாயால் மணலை அள்ளித் துப்பிக் குழி தோண்டிக்கொண்டே இருக்கும். கூழாங்கல் கண்ணாடியில் இடிக்கும் சத்தம் டிக், டிக் என்று கேட்கும். அந்தத் தொட்டிக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. "உங்க சக்களத்தி சேவைய முடிச்சிட்டுதான் எனக்குக் காப்பியே" என்று போனில் சொல்லுவாள். அவர் சிரிப்பார்.

அன்று மாலை மகள் வந்ததும், பையைக் கழற்றாமலேயே தொட்டி முன்னால் போய் நின்றாள். வயது ஏழு. சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவதால் வீட்டில் அவளுக்குப் பெயர் எறும்பு.

"எறும்பு, தொட்டியில ஏதாவது போட்டியா? உண்மையச் சொல்லு, திட்ட மாட்டேன்."

"சாப்பாடு மட்டும்தாம்மா. காலையில ரெண்டு சிட்டிகை."

"வெள்ளையா பொடி ஏதாவது?"

"இல்லம்மா. நான் என்ன பாப்பாவா?" என்றவள், வலது உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். ஒருவரையொருவர் துரத்திக் கடித்துக்கொண்டிருந்த மீன்களெல்லாம் சண்டையை விட்டுவிட்டு அந்தக் கைக்கு எதிரே வந்து வரிசையாக நின்றன.

அவள் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு கொடுக்கும் கை, தெரிந்து வைத்திருக்கின்றன என்று நினைத்தாள்.

மறுநாள் கால்வாசிக்குப் பதில் பாதித் தண்ணீரை மாற்றினாள். மூன்று சொட்டுத் தண்ணீர் பாதி சேர்ந்தால் எண் ஒன்பதுக்கு இறங்கியே தீர வேண்டும், அன்று மாலை இறங்கவும் செய்தது. விடிந்து பார்த்தால் பதினாறு.

அந்த வாரம் கணவர் கூப்பிட்டார். லைன் கரகரத்தது.

"பதினாறா? யாரு பொடி போட்டது?"

"பொடியே இல்லீங்க. டப்பா காலி."

"அப்ப கீழ இருக்கிற பவழம் கரையுதோ? இல்லையே, பி.எச். எட்டுக்கு மேல போயிட்டா பவழம் கரையறது நின்னுடுமே. அதுக்கு மேல ஏத்தணும்னா வெளிய இருந்துதான் போடணும். நல்லா யோசிச்சுப் பாரு. வெளிய இருந்து ஏதோ உள்ள போகுது."

"பூட்டின வீட்டுக்குள்ள யாருங்க வந்து போடுவா?"

"என்னைக் கேட்டா? நான் கடல் நடுவுல இருக்கேன். அமோனியாவ மட்டும் தினம் பாத்துக்கோ. காரம் ஏறின தண்ணியில சின்ன அழுக்குகூட விஷமாயிடும்." அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அமோனியா இல்லை. நைட்ரைட் இல்லை. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. சொல்லப்போனால் இத்தனை பளபளப்பாக அவற்றை அவள் பார்த்ததே கிடையாது. நீல ஆண் மீன் விளக்கைப் பொருத்திவிட்டதுபோல் மின்னியது. முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும் மஞ்சள் பெண் மீன், தாடை புடைத்து, இரை எதையும் தொடாமல், தண்ணீர் கீழே இறங்கும் குழாயின் வாயருகே அசையாமல் நின்றது. சக்களத்திக்கு வந்த வாழ்வு என்று சலித்துக்கொண்டே அவள் துணி வெட்டப் போனாள்.

பள்ளிச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. எறும்பை நிறுத்தி அளவெடுத்தாள். இந்தக் குழந்தைக்குப் பிறந்த பதினாறாம் நாளிலிருந்து அவள்தான் அளவெடுத்துத் தைக்கிறாள். டேப் இல்லாமலே தோளிலிருந்து மணிக்கட்டு வரை சொல்லிவிடுவாள். அதனால்தான் டேப்பைப் பார்த்ததும் கை நின்றது. கைநீளம் போன முறையைவிட அரை அங்குலம் குறைவாக இருந்தது.

மறுபடி அளந்தாள். டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தாள். இடது கையில் சரியாக வளர்ந்திருந்தது, வலது கையில் குறைந்திருந்தது. டேப் முனையை மணிக்கட்டில் பிடித்திருந்த அவளுடைய கட்டைவிரல், வழக்கமாக அங்கே முட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சின்ன எலும்பைத் தேடியது. மணிக்கட்டின் வெளிப்பக்கம், கோலிக்குண்டு மாதிரி ஒன்று இருக்குமே, அது கிடைக்கவில்லை. விரலை அழுத்தினாள். மாவில் அழுத்துவதுபோல் உள்ளே போனது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா. அந்தக் கை தூங்கிட்டே இருக்கு. பென்சில் புடிச்சா விழுந்துடுது. மிஸ் திட்றாங்க."

"எத்தன நாளா?"

எறும்பு யோசித்தாள். "பல்லு குடுத்தேன்ல, அதுக்கப்புறம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், கீழ்த்தொட்டியில் பவழக் கல் போட்டுவைக்கும் வலைப்பை நைந்துபோய், கொசுவலைத் துண்டில் அவளே புதுப் பை தைத்தாள். இரட்டைத் தையல். கல்லை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, முந்தின நாள் விழுந்த முன்பல்லைத் தீப்பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள் எறும்பு. முட்டை ஓடு, சிப்பி, பவழம், பல், எலும்பு எல்லாம் ஒரே சாமான், எல்லாம் சுண்ணாம்பு என்று அப்பா சொன்னாராம். மீனுக்கு இது தன் பங்காம். "வள்ளல் பரம்பரை, போடு போடு" என்று சிரித்தபடி இவளே பல்லைப் பைக்குள் போட்டு, வாயைத் தைத்து, தண்ணீரில் இறக்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு பால்பல்.

மருத்துவர் குழந்தையின் கையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் அதை விளக்குக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். இடது கை வெள்ளை வெளேரென்று விழுந்திருந்தது. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு சாயல் மட்டும் தெரிந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு போல. திரும்ப எடுக்கலாம்" என்றார். திரும்ப எடுத்த படம் இன்னும் மங்கலாக இருந்தது. கால்சியம் மாத்திரை எழுதினார். பால், முட்டை, வெயில் என்றார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னவர், அவர்கள் எழுந்து வாசல் வரை போன பிறகு கூப்பிட்டு, "மூணு நாள்லயே வந்துடுங்க" என்றார்.

அவள் மாத்திரை கொடுத்தாள். மூன்று வேளை பால் கொடுத்தாள். மறுநாள் சொட்டு எண்ணிக்கை பத்தொன்பது.

அடுத்த நாள் மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுத்தாள், கொடுப்பது தொட்டிக்குத்தான் போகிறதா என்று பார்க்க; விடை அவளுக்கே தெரிந்திருந்தது, தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் பயமாக இருந்தது. இருபத்து நான்கு. நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை எழுத ஆரம்பித்தாள்: குழந்தையின் வலது கைநீளம். ஒன்று ஏற ஏற மற்றது இறங்கிக்கொண்டே வந்தது. தன் கையெழுத்தைத் தானே பார்க்கப் பிடிக்காமல் நோட்டை மூடினாள்.

பயம் வந்துவிட்டால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. அன்றைக்கே எறும்பைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். இந்தத் தண்ணீரிலிருந்து குழந்தையைத் தள்ளிவைத்தால் போதும் என்று நினைத்தாள். மறுநாள் காலை அக்காவின் போன் வந்தது.

"என்னடி இது, கையில எலும்பே இல்லாத மாதிரி இருக்கு? நைட்டெல்லாம் தண்ணி சத்தம் கேக்குது, தண்ணி சத்தம் கேக்குதுன்னு ஒரே அழுகை. எங்க வீட்டுல ஏதுடி தண்ணி சத்தம்? நீ உடனே வா."

போய் அழைத்து வந்தாள். பஸ்ஸில் குழந்தையின் வலது கை அவள் மடியில் கிடந்தது. முழங்கையிலிருந்து கீழே, ஈரத்துணியை மடித்துப் போட்டதுபோல் வழிந்து கிடந்தது. சூடு இருந்தது, நாடி இருந்தது, நகம் இருந்தது. வழியிலேயே மருத்துவரிடம் காட்டினாள். அவர் இந்த முறை ஒன்றும் விளக்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு அட்மிஷன்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி மீன்கடைக்காரருக்குப் போன் செய்தாள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று காலை கிளம்பும் முன் சொட்டுப் போட்டு எழுதிய எண்ணை மட்டும் சொன்னாள்.

"முப்பத்தொண்ணா? மீனெல்லாம் உசுரோடவா இருக்கு?" கடைக்காரர் சிரித்தார். "எங்கயோ ஒரு கல்லு கரையுதுக்கா. ஒவ்வொண்ணா வெளிய எடுத்து ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. பொசுபொசுன்னு நுரைச்சா அதுதான் திருடன். புடிச்சு வெளிய போட்டுடுங்க, சரியாயிடும்."

புடிச்சு வெளிய போட்டுடுங்க. வீடு வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது பிற்பகல் மூன்று மணி. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. எறும்பைப் படுக்கையறைக் கட்டிலில் கிடத்தி, கையைத் தலையணைமேல் எடுத்து வைத்து, போர்வையை இழுத்துவிட்டாள்.

"அம்மா, எங்கயும் போகாத."

"இங்கதான் இருக்கேன். முன்னறையில. பத்து நிமிஷம்."

"கதவ மூடாத."

"மூடல."

முன்னறையில் கால் வைத்ததுமே வாசனை தாக்கியது. புதிதாக வெள்ளையடித்த வீட்டின் வாசனை, ஈரச் சுண்ணாம்பு, தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. தொட்டியின் கண்ணாடி விளிம்பெல்லாம் வெண்மையாகப் பொருக்குக் கட்டியிருந்தது; இரண்டு நாளைக்கு முன்புதான் துடைத்திருந்தாள். கூழாங்கல் இடிக்கும் சத்தம் இல்லை. எந்த மீனும் தோண்டவில்லை, துரத்தவில்லை. இருபத்து மூன்று மீன்களும் தலைகீழாக, வால் மேலே இருக்க, முகம் தரையைப் பார்க்க, ஒன்றை ஒன்று தொடாமல் நின்றன. அவை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே அலமாரி இருந்தது.

சமையலறையிலிருந்து வினிகர் புட்டியும் மருந்துச் சொட்டுக்குழாயும் எடுத்து வந்தாள். பம்ப்பின் சுவிட்ச் தையல் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. அணைத்தாள்.

ரீங்காரம் நின்றது. குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்து, சொட்டி, அதுவும் ஓய்ந்தது. ஐந்து வருஷமாக அந்த அறையில் ஒரு கணம்கூட நிற்காத சத்தம் அது. மழைகூட எங்கோ தள்ளிப் பெய்வதுபோல் இருந்தது.

அலமாரிக் கதவு ஈரத்தில் உப்பி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். திறந்தது.

உள்ளே இருட்டு. குப்புறப் படுத்து, போன் விளக்கைப் போட்டு, தலையை உள்ளே நுழைத்தாள். கீழ்த்தொட்டியின் தண்ணீர் நீர்த்த பாலைப்போல் கலங்கியிருந்தது. அவள் தைத்த வலைப்பை மூலையில் கிடந்தது. இரட்டைத் தையல் ஒரு கண் விடாமல் பிரிந்திருந்தது. வெட்டவில்லை, கிழியவில்லை. உள்ளேயிருந்து எதுவோ பருத்து, நூலைத் தெறிக்க வைத்திருந்தது.

பையின் வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ வெளியே நீண்டிருந்தது. கல் என்று நினைத்தாள். கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். கலங்கலுக்கு மேல் ஒரு சின்ன முட்டு மட்டும் துருத்திக்கொண்டு, காற்றில் உலர்ந்து நின்றது. சொட்டுக்குழாயை நீட்டினாள். ஒரு சொட்டு.

பொசுபொசுவென்று நுரைத்தது.

"அம்மா!"

அந்த அலறலில் தலையை அலமாரிப் பலகையில் இடித்துக்கொண்டாள். விழுந்தடித்து எழுந்து ஓடினாள். எறும்பு கட்டிலில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சுடுதும்மா! நடுவிரல் சுடுது! கொள்ளிக்கட்டையால வச்ச மாதிரி சுடுது!"

தலையணைமேல் அந்தக் கை அப்படியே கிடந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை. தோலும் சதையும் அவள் விரல்களுக்கிடையே வழுக்கின.

"இப்ப? இப்ப சுடுதா?"

"கொஞ்சம்... கொஞ்சம் குறையுது." விசும்பினாள். "என்னம்மா பண்ண?"

அவளால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. ஒன்றுமில்லை என்றாள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றாள். எதைச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறைக்குப் போகாமல் முன்னறைக்குத்தான் வந்தாள், வினிகர் புட்டியை எடுத்து ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள், உடைந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

திரும்பவும் குப்புறப் படுத்தாள்.

ஒரு கோப்பையால் கலங்கல் தண்ணீரை மெதுவாக மொண்டு வெளியே ஊற்றினாள். ஒரு கோப்பை. இரண்டு. ஆறு. முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. தண்ணீர் இறங்கியது.

முட்டு. அதற்குக் கீழே ஒரு கணு. பக்கத்தில் இன்னொரு முட்டு. அதற்குக் கீழே கணு. நான்கு வரிசை. ஓரமாக, கொஞ்சம் தள்ளி, குட்டையாக ஐந்தாவது. எல்லாம் வந்து சேரும் இடத்தில் பொடிப்பொடி எலும்புகளின் கொத்து. மணிக்கட்டின் வெளிப்பக்கம், கோலிக்குண்டு மாதிரி அது. இருந்தது. இங்கே இருந்தது. அங்கிருந்து முழங்கை வரை இரண்டு மெல்லிய தண்டுகள், பவழத்தின் துளைகளோடு, பாலின் நிறத்தில்.

டேப் தேவைப்படவில்லை. அவளுக்கு அந்த அளவு தெரியும்.

அழுகை வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. இதை எடுக்கக் கூடாது, உடைக்கக் கூடாது, இதன்மேல் மெத்துத் தண்ணீர் படக் கூடாது, கரைந்துவிடும். இதை இப்படியே, இதே கடினத்தில், பாதுகாப்பாக வைத்திருந்து, எப்படியாவது, யாராவது, திரும்ப உள்ளே. அவளுக்கு அதற்கு மேல் யோசிக்க வரவில்லை. குழந்தை கையை நீட்டிக்கொண்டிருந்தால் எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தாள். தன் ஆள்காட்டி விரலை நீட்டி, அந்த வெள்ளை உள்ளங்கையின் நடுவே மெல்லத் தொட்டாள்.

விரல்கள் மூடின.

மெதுவாக. ஒவ்வொன்றாக. இறுக்கமாக.

அவள் கத்தவில்லை. 

படுக்கையறையிலிருந்து எறும்பின் குரல் வந்தது. அழுகை ஓய்ந்த, நிம்மதியான குரல்.

"அம்மா! கை வந்துருச்சும்மா!"

அவள் விரல் இன்னும் அந்தப் பிடிக்குள் இருந்தது.

"நீ பிடிச்சிருக்கியே, தெரியுது. விடாத. நல்லா இருக்கு." கட்டில் கிறீச்சிட்டது. "ஆனா நீ எங்கம்மா இருக்க? பக்கத்துல உன்னைக் காணோம்."

விரலை உருவப் பார்த்தாள். கொஞ்சம்தான். டப் என்று ஒரு மெல்லிய ஓசை, முட்டையோட்டில் விரிசல் விழும் ஓசை. சுண்டுவிரலில் மயிரிழைபோல் ஒரு கோடு.

"ஆ! அம்மா, இழுக்காத! வலிக்குது!"

நிறுத்தினாள். அசையாமல் கிடந்தாள். கன்னம் ஈரத் தரையில். கை உள்ளே. பம்ப் சுவிட்ச் தையல் மெஷினுக்குப் பக்கத்தில், எட்டு அடி தள்ளி. போன் விளக்கில் தண்ணீரின் பரப்பு தெரிந்தது. மொண்டு ஊற்றியது போக மிச்சம் நாலு விரற்கடை இருக்கும். மேலே, தலைக்கு மேலே, மீன்கள் அசைந்தன. பம்ப் இல்லாத தண்ணீரில் மூச்சுத் திணறி மேல்மட்டத்துக்கு வருகின்றன என்று நினைத்தாள். இல்லை. அவை இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடித் தரையில் வாய் உரசும் ஓசை கேட்டது.

"அம்மா, வாயேன் இங்க."

"வரேன் கண்ணு." அது அவள் குரல்தான். "வரேன். நீ... நீ தூங்கு."

"தூக்கம் வரல. அம்மா..."

"என்னடா?"

"இந்தக் கையும் மரத்துப்போகுது."

"எந்தக் கை?"

"இடது கை. விரல்ல இருந்து மேல ஏறுது."

அவள் விளக்கைத் திருப்பினாள். கீழ்த்தொட்டியின் அடியில், படிந்திருந்த வெண்ணிற மாவின்மேல், இதுவரை எதுவும் இல்லாத இடத்தில், ஒரு சின்னக் குமிழி எழுந்து உடைந்தது. அந்த இடத்தில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ தலைநீட்டியது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

நகம் இல்லாத ஐந்து விரல் நுனிகள், வரிசையாக, அவளை நோக்கி முளைத்துக்கொண்டிருந்தன.